இசைத்தட்டிலும் இடைச்செருகல்

பதிப்பு என்ற சொல்லைக் கேட்டதும் நம் நினைவுக்கு வருவன ஏடும் அச்சுமே ஆகும். ஒருவர் பாடிய நூல் பல கை மாறி வரும்போது செய்யுள் சில உதிர்வதும், பிறர் எழுதிய செய்யுள் சில நடுவே புகுவதும், வரிசை குலைவதும் நாம் அறிந்தவை. அவற்றுக்குப் பாடபேதம் என்றும் இடைச்செருகல் என்றும் பெயர் வைத்து, மூலம் எது என்று தேடுவதைப் புலமைத் தொழிலாகவே கொண்டிருக்கிறோம். இதே தொல்லை இசைத்தட்டுக்கும் உண்டு என்பதைப் பலரும் எண்ணிப் பார்ப்பதில்லை. ஏட்டைப் போலன்றித் தட்டு என்பது குரலையே பிடித்து வைத்த பொருள். ஆதலால் அது மாறுவதற்கு இடமில்லை என்பது பொது நம்பிக்கை. அமெரிக்கப் பாடகர் பிராங்க் சினாட்ராவின் சோகப் பாடல் தட்டுகளின் வரலாற்றைப் பார்த்தால் அந்த நம்பிக்கை நிலைக்காது. 1955 முதல் 1959 வரை கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்ட அத்தட்டுகள் இன்றுவரை மறுபதிப்பாக வந்துகொண்டே இருக்கின்றன. ஒரு பதிப்பைப் போல் இன்னொரு பதிப்பு இல்லை.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக் கொள்ளுதல் நலம். ஆங்கிலத்தில் ‘பேலட்’ என்பதை நம் ஆராய்ச்சியாளர் கதைப்பாடல் என்று மொழிபெயர்ப்பர். நாட்டுப்புற இலக்கியத்தைப் பொறுத்தவரை அது சரியே. ஆனால் இருபதாம் நூற்றாண்டு அமெரிக்க மெல்லிசையில் அச்சொல் வேறு பொருள் கொண்டது. நடை மெதுவான, ஒருவர் மனத்துயரை ஒருவருக்கே சொல்வது போன்ற காதற்பாட்டுக்கு அங்கே பேலட் என்று பெயர். அதைப் பாடுவோர் ‘குரூனர்’ எனப்பட்டனர். குரூனர் என்பவர் ஒலிவாங்கி பெற்ற பிள்ளை. 1925-ஆம் ஆண்டுக்கு முன்பு பாடகர் ஒரு பெருங்கூம்பின் வாயில் நின்று உரக்கப் பாட வேண்டியிருந்தது. மெல்லப் பாடினால் மெழுகில் தடம் விழாது. அவ்வாண்டில் மின்முறைப் பதிவு வந்தபின், காதருகே பேசுவது போன்ற குரலும் தட்டில் ஏறிற்று. பிங் கிராஸ்பி அந்த வழியில் முன்னே சென்றார்; சினாட்ரா அவர் பின்னே வந்தார்.

நியூ ஜெர்சி மாநிலத்தின் ஹோபோக்கன் நகரில், இத்தாலியிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு 1915 டிசம்பர் 12-ஆம் நாள் சினாட்ரா பிறந்தார். 1939-இல் ஹாரி ஜேம்ஸ் குழுவிலும், 1940 முதல் 1942 வரை டாமி டார்சி குழுவிலும் பாடினார். டார்சி டிராம்போன் வாசிப்பவர். மூச்சு எடுப்பதே தெரியாமல் நெடுந்தொடரை ஊதும் அவர் வித்தையை அருகிருந்து கண்டு சினாட்ரா தம் பாட்டுக்குக் கொண்டுவந்தார். வரியின் முடிவில் மூச்சு வாங்காமல் அடுத்த வரிக்குள் குரலைக் கொண்டு செல்வது அவருடைய தனி முத்திரை. பாட்டின் சொற்பொருள் எங்கே முடிகிறதோ அங்கேதான் அவர் நிறுத்துவார். மெட்டு முடியும் இடம் அவருக்குப் பெரிதன்று.

தனிப்பாட்டுகளைச் சேர்த்து ஒரே மனநிலையில் ஒரு தொகுப்பாக்கும் எண்ணமும் அவருக்கு இளமையிலேயே இருந்தது. 1946-இல் கொலம்பியா நிறுவனம் ‘தி வாய்ஸ் ஆப் பிராங்க் சினாட்ரா’ என்ற தொகுப்பை வெளியிட்டது. நிமிடத்துக்கு 78 சுற்றுச் சுழலும் தட்டுகள் நான்கு, பாட்டுகள் எட்டு. ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடமே பாடும் என்பதால், கேட்பவர் ஒவ்வொரு பாட்டுக்கும் எழுந்துபோய்த் தட்டைத் திருப்ப வேண்டும். மனநிலை எப்படி நீடிக்கும்? 1948-இல் நெடுநேரம் பாடும் தட்டை அந்நிறுவனமே கொண்டுவந்தபோது, இந்த எட்டுப் பாட்டுகளும் பத்தங்குலத் தட்டு ஒன்றில் மறுபதிப்பாயின. மறுபதிப்பு என்பது மூலத்தைக் கெடுப்பதே என்று நினைப்போர் இதைக் கவனிக்க வேண்டும். பாடியவர் எண்ணிய தொடர்ச்சி அந்த மறுபதிப்பில்தான் முதன்முதலாகச் செவிக்கு எட்டியது.

பின்னர் அவருக்கு இறங்குமுகம். 1950 மே மாதம் நியூயார்க் நகரின் கோப்பகபானா விடுதியில் பாடும்போது தொண்டையில் இரத்தம் கசிந்து குரல் அடைத்தது. 1952-இல் கொலம்பியா நிறுவனம் அவரைக் கைவிட்டது. 1953-இல் கேப்பிட்டல் நிறுவனம் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே வாத்திய அமைப்பு எழுதும் நெல்சன் ரிடில் அவருக்குத் துணையாக வாய்த்தார். நடிகை ஏவா கார்ட்னருடன் செய்துகொண்ட மணவாழ்வு அதே ஆண்டில் பிளவுபட்டது. இவற்றையெல்லாம் வாழ்க்கை வரலாறு எழுதுவோர் விரித்து எழுதியிருக்கின்றனர். நமக்கு வேண்டியது தட்டு.

1955-இல் வெளிவந்த ‘இன் தி வீ ஸ்மால் அவர்ஸ்’ என்பதன் தலைப்பு, நள்ளிரவு கழிந்து விடியல் வராத வேளையைக் குறிக்கும். பாட்டுகள் பதினாறு. தலைப்புப் பாட்டு அவ்வாண்டு புதிதாக எழுதப்பட்டது. ஏனையவற்றுள் பல, இருபது ஆண்டுக்கு மேலாக வழங்கிய நாடகப் பாட்டும் நடன அரங்கப் பாட்டும் ஆகும். டியூக் எல்லிங்டனின் ‘மூட் இண்டிகோ’ 1930-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. சினாட்ரா அவற்றைத் தேர்ந்து, ஓர் இரவில் உறக்கம் வராத ஒருவன் எண்ணங்களாக வரிசைப்படுத்தினார். செலஸ்டா என்னும் மணியோசைக் கருவியுடன் தொகுப்பு தொடங்குகிறது. இறுதியில் வைத்த ‘திஸ் லவ் ஆப் மைன்’ அவரே சொற்கள் எழுதுவதில் பங்கு கொண்டு 1941-இல் டார்சி குழுவில் பாடிய பாட்டு. இளமையில் எழுதிய பாட்டை, முப்பத்தொன்பது வயதில் எல்லாம் இழந்தவன் வாய்மொழியாகக் கடைசியில் வைத்தது தற்செயல் அன்று. தொகுத்தவர் கை அங்கே தெரிகிறது.

இந்த வகையின் உச்சம் 1958-இல் வந்த ‘ஒன்லி தி லோன்லி’. தனித்திருப்போர்க்கு மட்டுமே பாடுகிறேன் என்பது அதன் பொருள். பாட்டுகள் பன்னிரண்டு, பக்கத்துக்கு ஆறு. வாத்திய அமைப்பு எழுதிய ரிடில் அண்மையில்தான் தாயையும் மகளையும் இழந்திருந்தார். அவர் வெளியூர் சென்ற நாளில், குழுவின் வயலின் கலைஞர் பீலிக்ஸ் ஸ்லாட்கின் குழுவை நடத்தினார். பில்லி ஸ்ட்ரேஹார்னின் ‘லஷ் லைப்’ என்ற அரிய பாட்டையும் சேர்க்க முயன்றார்கள். பாதியிலேயே சினாட்ரா அதைக் கைவிட்டார். முதற்பக்கம் முடியும் இடத்தில் ‘குட்பை’ என்ற விடைபெறும் பாட்டை வைத்தார். கேட்பவர் எழுந்து தட்டைத் திருப்பும் அந்தச் சிறு இடைவெளிகூட அமைப்பில் ஒரு பகுதி என்றே நான் கொள்கிறேன். இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு ‘ஒன் பார் மை பேபி’. 1943-ஆம் ஆண்டுத் திரைப்படம் ஒன்றுக்காக ஹெரால்டு ஆர்லன் மெட்டமைக்க, ஜானி மெர்சர் சொற்கள் எழுதியது. விடியலுக்கு முன் ஆளில்லாத மதுக்கடையில், கடைக்காரனிடம் ஒருவன் தன் கதையைச் சொல்ல வாயெடுக்கிறான். சொல்லாமலே எழுந்து போகிறான். பில் மில்லரின் பியானோ முன்னே நிற்க, வாத்தியக் குழு பெரும்பாலும் ஒதுங்கிக்கொள்கிறது. அதன்பின் ஒலிக்க வேண்டியது எதுவும் இல்லை. ஊசி தட்டின் உட்பள்ளத்தில் சுழலும் ஓசை மட்டுமே.

சிதைவு முதற்பதிப்பிலேயே தொடங்கிவிட்டது என்பது வியப்பான செய்தி. ஸ்டீரியோ என்னும் இருவழி ஒலித்தட்டு அப்போதுதான் கடைக்கு வரத் தொடங்கியிருந்தது. அத்தட்டின் பள்ளத்துக்கு இடம் அதிகம் வேண்டும். பாடும் நேரம் குறையும். ஆகவே 1958-ஆம் ஆண்டின் ஒற்றை ஒலித்தட்டில் பன்னிரண்டு பாட்டு இருக்க, ஸ்டீரியோத் தட்டில் பத்தே இருந்தன. இரு பக்கத்திலும் நான்காவதாக நின்ற பாட்டை எடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டில் கார்டன் ஜென்கின்ஸ் வாத்திய அமைப்பில் வந்த ‘வேர் ஆர் யூ’ தொகுப்பின் ஸ்டீரியோத் தட்டிலும் ஒரு பாட்டு குறைந்தது. புதுமை வேண்டி அதிகப் பணம் கொடுத்தவருக்குக் கிடைத்தது குறைப் பிரதி!

அடுத்து வந்தது இன்னும் மோசம். ஸ்டீரியோ மோகம் பரவியதும், ஒற்றை ஒலியில் பதிவான பழைய தட்டுகள் விற்பனைக்கு ஆகாதவை எனக் கருதப்பட்டன. கேப்பிட்டல் நிறுவனம் 1961 முதல் ‘டியோபோனிக்’ என்ற பெயரில் ஒரு தந்திரம் செய்தது. ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து, ஒன்றை நொடியின் சிறு பங்கு தாமதப்படுத்தி, ஒரு பக்கம் மேல் ஒலியையும் மறுபக்கம் கீழ் ஒலியையும் தூக்கி வைப்பது அதன் செய்முறை. காதருகே பேசிய குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போலாயிற்று. குரூனர் கலையின் உயிரே அந்த அண்மைதான் என்பதை நினைத்தால் இழப்பின் அளவு விளங்கும். அதே காலத்தில் சினாட்ரா ‘ரிப்ரைஸ்’ என்ற தம் சொந்த நிறுவனத்துக்குப் போய்விட்டார். கேப்பிட்டலோ அவருடைய பழைய பாட்டுகளைப் பலவாறு கலந்து, புதுப்பெயர் சூட்டிய தொகுப்புகளாக விற்றது. பதினாறும் பன்னிரண்டுமாகக் கோத்த மாலைகள் அறுந்து உதிரிப்பூவாயின.

மீட்சி 1983-இல் தொடங்கிற்று எனலாம். மொபைல் பிடெலிட்டி என்ற நிறுவனம் கேப்பிட்டலின் மூல ஒலிநாடாக்களிலிருந்து பதினாறு தட்டுகளை ஒரே பெட்டியில் வெளியிட்டது. விலை மிகுதி, எளியவர் கைக்கு எட்டாதது. எளியவர் கைக்கு எட்டியது குறுந்தட்டு என்னும் சி.டி. அது 74 நிமிடம் பாடும். பழைய தொகுப்போ நாற்பது, ஐம்பது நிமிடம். எஞ்சிய இடம் வெறுமையாகக் கிடப்பதை வணிகர் பொறுப்பாரோ? ‘ஒன்லி தி லோன்லி’ 1987-இல் குறுந்தட்டாக வந்தபோது, மதுக்கடையிலிருந்து அவன் எழுந்துபோன சில நொடிகளில் ‘ஸ்லீப் வார்ம்’ என்ற தாலாட்டுப் போன்ற பாட்டு தொடங்கியது. அதன்பின் ‘வேர் ஆர் வென்’. இரண்டும் நல்ல பாட்டுகள், அதே குரலில் பாடியவை. இடைச்செருகல் என்பது மோசமான செய்யுளாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி இல்லை. நூலாசிரியர் முடித்த இடத்தில் நூல் முடியவில்லை என்பதே குற்றம்.

எல்லா மிகைப்பாட்டும் ஒரே தரம் எனக் கூறிவிட முடியாது. ஹாலிவுட் தந்திக் கருவி நால்வர் குழுவுடன் 1956-இல் பதிவுசெய்து 1957-இல் வெளிவந்த ‘குளோஸ் டு யூ’ இதற்கு எடுத்துக்காட்டு. அத்தொகுப்புக்கென்றே பாடி, பின் நீக்கிய மூன்று பாட்டுகள் குறுந்தட்டில் சேர்ந்தன. அவற்றுள் ஒன்று புகைபோக்கியின் ஓட்டையைப் பற்றிய வேடிக்கைப் பாட்டு. நிறுவன அதிகாரிகள் உண்மையில் காது கொடுத்துக் கேட்கிறார்களா என்று பார்க்க, சினாட்ரா அதைக் கடுந்துயரம் தோன்றப் பாடி வைத்தார் என்பர். இது பிறர் கைச் செருகல் அன்று. ஆசிரியரே அடித்துவிட்ட வரி. ஆய்வாளர்க்கு விலைமதிப்பற்றது. ஆயினும் அடித்த வரியை அடிக்குறிப்பில் தருவதே பதிப்பு மரபு. அந்தத் தட்டின் தலைப்பில் ‘மேலும் சில’ என்று பொருள்படும் சொல்லைச் சேர்த்த அளவில் அவர்கள் நேர்மையாக நடந்துகொண்டனர்.

ஒற்றை ஒலியா, ஸ்டீரியோவா என்ற வழக்கும் இன்னும் தீரவில்லை. அந்நாளில் இரண்டுக்கும் தனித்தனி ஒலிவாங்கி அமைத்துப் பதிந்தார்கள். பாடகரும் தயாரிப்பாளரும் கவனித்தது பெரும்பாலும் ஒற்றை ஒலியையே. ஸ்டீரியோ, பக்கத்து அறையில் நடந்த பரிசோதனை. எனவே 1958-இல் சினாட்ரா தம் படைப்பு என்று ஒப்புக்கொண்டது ஒற்றை ஒலிப்பதிவே என்று கொள்ளலாம். ஆனால் குறுந்தட்டுக் காலத்தில் முதலில் வந்தவை ஸ்டீரியோப் பதிவுகள். மூலப் பிரதியைப் பேழையில் வைத்துவிட்டுப் பரிசோதனைப் பிரதியை அச்சிட்டது போன்றது அது. 2018-இல், சினாட்ரா மறைந்து இருபது ஆண்டு கழிந்தபின், அறுபதாம் ஆண்டுப் பதிப்பு வந்தது. அதில் 1958-ஆம் ஆண்டு ஒற்றை ஒலியும், புதிதாகக் கலந்த ஸ்டீரியோவும் அருகருகே இடம்பெற்றன. கைவிட்ட ‘லஷ் லைப்’ முயற்சிகளும் அங்கே கிடைக்கின்றன. பாடகர் தடுமாறி நிறுத்தும் இடத்தைக் கேட்கும்போது, அதை ஏன் நீக்கினார் என்பது விளங்குகிறது. நல்ல பதிப்பாசிரியர் செய்யும் வேலை இதுதான்: பிரதிகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பவரிடம் ஒப்படைப்பது.

பழைய தட்டு வாங்க விரும்பும் நேயர், உறையின் பின்புறத்தில் பாட்டுகளை எண்ணிப் பார்த்து வாங்குக. ‘ஒன்லி தி லோன்லி’யில் பத்து என்றால் அது குறைப் பிரதி, பதினான்கு என்றால் மிகைப் பிரதி. டியோபோனிக் என்ற சொல் கண்ணில் பட்டால் கீழே வைத்துவிடலாம். வீட்டில் 1987-ஆம் ஆண்டுக் குறுந்தட்டு இருப்பவர்கள் அதைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. பன்னிரண்டாம் பாட்டு முடிந்ததும் கருவியை நிறுத்திவிட்டு, பதின்மூன்றாவதை வேறொரு நாள் தனியே கேட்கலாம்.