மேரி ராஃபர்ட்டியின் புன்னகை

1874 ஜனவரி மாத இறுதியில், அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்து குட் சமாரிட்டன் மருத்துவமனையில் மேரி ராஃபர்ட்டி என்ற பெண் சேர்க்கப்பட்டாள். அயர்லாந்தில் பிறந்தவள். வயது 30. வீட்டுவேலை செய்து பிழைத்தவள். குழந்தையாக இருக்கையில் நெருப்பில் விழுந்ததால் தலையில் முடி சரியாக வளரவில்லை, டோப்பா அணிந்திருந்தாள். அதனுள் வைத்திருந்த திமிங்கல எலும்புத் துண்டு உரசி உரசிப் புண்ணாகி, புண் புற்றாயிற்று. அவள் வந்தபோது புற்று மண்டையோட்டை இரண்டு அங்குல அகலத்துக்கு அரித்திருந்தது. மூளை துடிப்பதைக் கண்ணால் காண முடிந்தது.

அவளைப் பார்த்த மருத்துவர் ராபர்ட்ஸ் பார்த்தலோ, பெர்லினில் ஃப்ரிட்ஷும் ஹிட்சிக்கும் 1870இல் நாயின் மூளையில் மின்சாரம் செலுத்திக் கால்களை அசையவைத்ததை அறிந்தவர். இங்கிலாந்தில் டேவிட் ஃபெரியரும் விலங்குகளில் அதையே செய்துகொண்டிருந்தார். மனித மூளையும் அப்படித்தானா? பார்த்தலோ மேரியின் மூளைக்குள் ஊசிகளைச் செருகி மின்னோட்டம் பாய்ச்சினார். எதிர்ப்பக்கத்துக் கையும் காலும் இழுத்துக்கொண்டன. அவள் வேடிக்கையாக உணர்ந்தவள்போலப் புன்னகைத்தாள் என்று அவரே எழுதியிருக்கிறார். மின்னோட்டத்தைக் கூட்டினார். அவள் அழுதாள், வலிப்பு வந்தது, நினைவிழந்தாள். சில நாட்களில் இறந்துபோனாள்.

இது சிகிச்சையே அல்ல என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். புற்றை அகற்றும் நோக்கம் அந்த ஊசிகளுக்கு இருக்கவில்லை. கண்டனங்கள் எழுந்தபோது, அவள் இசைவு தந்தாள் என்றும், எப்படியும் பிழைக்கமுடியாத நோயாளி என்றும் பார்த்தலோ வாதிட்டார். பிறகு வருத்தம் தெரிவித்தார். அவளை மந்தபுத்திக்காரி என்று குறித்துவைத்தவரும் அவரேதான். அப்படியானால் அந்த இசைவுக்கு என்ன பொருள்? 1879இல் அவர் ஃபிலடெல்ஃபியாவின் ஜெஃபர்சன் மருத்துவக் கல்லூரிக்குப் பேராசிரியராகச் சென்றார்.

மூளைப் புற்றும் மின்சாரமும் சிகிச்சை என்ற பொருளில் சந்திக்க நூற்றாண்டுக்கும் மேலாயிற்று. அதற்கு இரண்டு வழிகள் உருவாயின. ஒன்று, உயர் மின்னழுத்தத் துடிப்புகளை மைக்ரோ நொடிக் கணக்கில் செலுத்தி உயிரணுவின் சவ்வைத் துளைப்பது. துளை மூடாவிட்டால் உயிரணு மடியும். டவலோஸ், மீர், ரூபின்ஸ்கி மூவரும் 2005இல் இதைத் திசுவை அழிக்கும் முறையாக முன்வைத்தனர். சில ஆண்டுகளில் மூளைப் புற்றுள்ள நாய்க்கு அமெரிக்காவில் அது செய்துபார்க்கப்பட்டது. ஃப்ரிட்ஷின் காலத்திலிருந்தே இந்த வரலாற்றில் நாய்கள்தான் எங்கும் முன்னால் செல்கின்றன.

மற்றது இஸ்ரேலின் ஹைஃபாவில், உடலியல் பேராசிரியர் யோராம் பால்டியிடம் பிறந்தது. அவருக்குத் துளையிட வேண்டியிருக்கவில்லை. உயிரணு இரண்டாகப் பிரியும் தருணத்தில் அதனுள் இருக்கும் புரதங்கள் ஒழுங்காக வரிசைகொள்ள வேண்டும். அவற்றில் பல மின்முனைவு கொண்டவை. மெல்லிய மின்புலம் ஒன்று ஓயாமல் திசைமாறிக்கொண்டிருந்தால் அந்த வரிசை குலையும், பிரியவந்த உயிரணு மடியும் என்பது அவர் கருத்து. மூளையின் நரம்பணுக்கள் பெரும்பாலும் பிரிவதில்லை என்பதால் அவற்றுக்குத் தீங்கு குறைவு. நொடிக்கு 2,00,000 முறை அலையும் புலம் நரம்பைத் தூண்டாது. மேரியின் கையை இழுத்ததுபோல இழுக்காது. ஆய்வுக்கூட முடிவுகள் 2004இல் வெளியாயின.

நோயாளி தலையை மழித்து, மின்முனைத் தட்டுகளை ஒட்டிக்கொண்டு, நாளொன்றுக்குப் பதினெட்டு மணிநேரம் அவற்றோடு வாழவேண்டும். க்ளியோபிளாஸ்டோமா என்னும் கொடிய மூளைப் புற்று மீண்டும் வந்த 237 பேரிடம் நடந்த முதல் பெரிய சோதனையில் கருவி கீமோதெரபியை வெல்லவில்லை, 6.6 மாதம், 6.0 மாதம். ஆயினும் பக்கவிளைவு குறைவென்று 2011இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. புதிதாக நோய் கண்ட 695 பேரிடம் நடந்த அடுத்த சோதனையின் இறுதி முடிவு 2017இல் வந்தது. மருந்து மட்டும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 16 மாதம், கருவியும் சேர்ந்தவர்களுக்கு 20.9 மாதம். ஐந்தாண்டு தாண்டியவர்கள் 5 சதவீதத்துக்கு எதிராக 13 சதவீதம். இந்த நோயில் இது சிறிய எண் அல்ல.

இருந்தும் மருத்துவர்களில் பலர் ஐயம் தீராமலே இருந்தனர். விலை மிக அதிகம் என்பது ஒரு காரணம். பெரிய காரணம், ஒப்பிடுவதற்குப் போலிக் கருவி தரப்படவில்லை என்பது. கருவி அணிந்தவருக்குக் கிடைத்த கூடுதல் கவனிப்பே ஆயுளை நீட்டியிருக்கலாமே என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். உண்மைக் கருவி தரும் வெதுவெதுப்பு போலியைக் காட்டிக்கொடுத்துவிடும், பயனற்ற ஒன்றைத் தலையில் ஒட்டிக்கொண்டு எஞ்சிய மாதங்களைக் கழிக்கும்படி ஒருவரிடம் கேட்பதும் தகாது என்று ஆய்வாளர்கள் பதில் சொன்னார்கள். ஐயம் முற்றும் நீங்காமல் போயிற்று. ஆனாலும் இவ்விஷயத்தில் நான் ஆய்வாளர்களின் பக்கமே நிற்கிறேன், மேரி ராஃபர்ட்டியைப் படித்தபிறகு.