வைப்பு நிதியும் தையல் எந்திரமும்: பெங்களூரு, ஏப்ரல் 2016

ஆடை ஏற்றுமதி நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் நிலைத்தன்மை அறிக்கைகளில் நீர், மின்சாரம், சாயக்கழிவு ஆகியவற்றின் கணக்கு தவறாது இடம்பெறும். தைக்கும் கைகளின் சேமிப்பு அவற்றில் அரிதாகவே பேசப்படுகிறது. அச்சேமிப்பின் பொருட்டுத்தான் 2016 ஏப்ரல் 18, 19 ஆகிய நாள்களில் பெங்களூருவின் ஆடைத் தொழிலாளர்கள் வீதிக்கு வந்தனர்.

இந்நகரின் நெசவுத் தொழில் வரலாறு பழையது. 1884இல் தொடங்கப்பட்டுப் பின்னர் பின்னி நிறுவனத்தின் நிர்வாகத்திற்கு வந்த கம்பளி, பருத்தி, பட்டு ஆலை அதன் முதற்பெரும் அடையாளம். அவ்வாலைத் தொழிலாளருள் தமிழ் பேசுவோர் கணிசமாக இருந்தனர். தொழிற்சங்க மரபும் அங்கே வேரூன்றியது. ஆலைகள் நலிந்த காலத்தில் பீனியா, பொம்மனஹள்ளி, மைசூர் சாலைப் பகுதிகளில் ஆயத்த ஆடைத் தொழிற்கூடங்கள் பெருகின. இங்கே பெரும்பான்மையோர் பெண்கள், கிராமங்களிலிருந்து வந்தவர்கள். ஆலைகளின் சங்க மரபு இவர்களிடம் வந்து சேரவில்லை.

அன்று நடைமுறையிலிருந்த பணிக்கொடைச் சட்டம் (1972) ஐந்தாண்டுத் தொடர்பணியைக் கோரியது. உற்பத்தி இலக்கின் நெருக்கடி, மேற்பார்வையாளரின் வசைமொழி, மகப்பேறு, குழந்தை வளர்ப்பு என ஏதோவொரு காரணத்தால் பலர் அதற்கு முன்னரே விலகிவிடுகின்றனர். விலகினால் எஞ்சுவது வருங்கால வைப்பு நிதி மட்டுமே. இரண்டு மாதம் வேலையின்றி இருந்தால் அத்தொகையை முழுமையாகப் பெறலாம் என்பது அன்றைய விதி. கடனை அடைக்கவும் பள்ளிக் கட்டணம் செலுத்தவும் உதவிய பணம் அதுவே. ஓய்வுக்காலச் சேமிப்பு எனச் சட்டம் கருதியதைத் தொழிலாளர் இடைக்காலக் காப்பாகவே பயன்படுத்தினர். இதனைச் சிக்கனமின்மை என்று கொள்வது பிழை. வேலையின் நிலையாமையே அப்பயன்பாட்டை உருவாக்கியது.

2016 பிப்ரவரி 10 அன்று மத்தியத் தொழிலாளர் அமைச்சகம் விதியைத் திருத்தியது. முதலாளியின் பங்களிப்பை 58 வயதுக்கு முன் எடுக்க இயலாது என்றாயிற்று. நாற்பதைக் கடந்தவருக்குப் புதிதாக வேலை கிடைப்பதே அரிதான ஒரு தொழிலில் 58 என்பது என்ன பொருள்படும்?

ஏப்ரல் 18 அன்று ஓசூர் சாலை முடங்கியது. மறுநாள் போராட்டம் நகரின் பிற பகுதிகளுக்கும் பரவியது; ஹெப்பகோடியில் காவல்நிலைய வளாகத்து வாகனங்கள் எரிந்தன. காவல்துறை தடியடி நடத்தியது. எந்தப் பெரிய சங்கமும் அழைப்பு விடுத்திருக்கவில்லை என்பதே ஆய்வாளர்களை வியக்கவைத்தது. அமைச்சர் பண்டாரு தத்தாத்ரேயா முதலில் சூலை 31 வரை திருத்தத்தை நிறுத்திவைத்தார். அன்று மாலையே முற்றிலும் திரும்பப் பெற்றார்.

1,134 உயிர்களைப் பலிகொண்ட 2013ஆம் ஆண்டின் ராணா பிளாசா விபத்துக்குப் பின், பொறுப்புள்ள உற்பத்தி என்றால் கட்டடப் பாதுகாப்பும் தீயணைப்பும் என்ற புரிதல் உலகெங்கும் வலுப்பெற்றது. அது இன்றியமையாததே. ஆனால் பெங்களூருவில் கட்டடம் எதுவும் இடியவில்லை. தணிக்கைப் பட்டியல்களின் கண்ணில் படாத ஓர் இழப்பு அது: ஐந்தாண்டு முடியுமுன் வெளியேறும் தொழிலாளர் எத்தனை பேர், ஏன் வெளியேறுகின்றனர் என்பதை ஆடையை வாங்கும் வெளிநாட்டு நிறுவனங்கள் அரிதாகவே கேட்கின்றன.

2025 அக்டோபர் 13 அன்று வைப்பு நிதி அமைப்பின் மத்திய அறங்காவலர் குழு, வேலையிழந்தோர் முழுத்தொகை பெறுவதற்கான காத்திருப்பை இரண்டு மாதத்திலிருந்து பன்னிரண்டு மாதமாக உயர்த்த முடிவெடுத்தது. நான்கில் மூன்று பங்கை உடனே பெறலாம் என்ற ஏற்பாடும் அதில் உண்டு.