சுவரில் நிற்பவர்கள்

மாணவர்களே, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் பெலிலியோஸ் லேன் பக்கம் போயிருக்கிறீர்களா? அங்கே ஒரு கடைவீட்டின் பக்கச் சுவரில் சலவைத் தொழிலாளி, பூமாலை கட்டுபவர், கிளி ஜோசியர் எல்லாரும் பளிச்சென்று நிற்பாங்க. 2018இல் வரைந்த சுவரோவியம் அது. வருகிறவர்கள் அதன்முன் நின்று படம் பிடிச்சுட்டுப் போயிடுறாங்க. நீங்கள் தெருப் பெயர்ப் பலகையையும் சேர்த்துப் பாருங்கள்.

பெலிலியோஸ் என்பவர் 19ஆம் நூற்றாண்டில் இவ்வட்டாரத்தில் மாட்டு வணிகம் செய்தவர். பக்கத்திலேயே பஃபலோ ரோடு, கெர்பாவ் ரோடு. 'கெர்பாவ்' என்றால் மலாயில் எருமை! ரோச்சோர் ஆற்றுத் தண்ணீரும் புல்லும் கிடைத்ததால் தொழுவங்கள் பெருகின. அந்த வேலையை நம்பித் தமிழர் பலர் இங்கே குடியேறினர். 1930களோடு மாட்டுத் தொழில் இங்கிருந்து போய்விட்டது. பெயர்கள் மட்டும் தங்கிவிட்டன.

வெறும் பெயராக நின்றுபோன அந்த வாழ்க்கைக்கு முகம் கொடுப்பது சுவரோவியம். மாடுகளையே வரைந்த சுவரும் இங்கே உண்டு. ஆனால் ஒன்று, சாணி நாற்றமும் விடியுமுன் எழுந்து பால் கறந்தவரின் கைவலியும் அந்தப் பளிச்சென்ற சாயத்தில் தெரியாது. தேர்வில் 'சுவரோவியம் ஊரை அழகாக்குகிறது' என்று எழுதுங்கள், தப்பில்லை. அதோடு அங்கே யாருடைய உழைப்பு இருக்கிறது, எது விடுபட்டது என்று இரண்டு வரி சேர்த்து எழுதிப் பாருங்களேன்.