கடல் இல்லாத நாடு என்கிற கதையாடல்

புர்க்கினா ஃபாஸோ ஏன் ஏழை நாடு? கடல் இல்லை, மழை போதாது, மண்ணில் சத்தில்லை - பாடப்புத்தகம் இப்படி ஒரே வரியில் முடித்துவிடும். பழியைப் பூகோளத்தின் தலையில் கட்டிவிட்டால் வரலாறு தப்பித்துக்கொள்ளும். இந்தச் சொல்லாடலைத்தான் இங்கே கேள்விக்குட்படுத்துகிறேன்.

1919இல் பிரெஞ்சு அரசு 'மேல் வோல்டா' என்றொரு காலனியை உருவாக்கியது. கட்டாயப் பருத்திச் சாகுபடி எடுபடவில்லை. ஜனங்கள் பிரிட்டிஷாரிடமிருந்த கோல்ட் கோஸ்டுக்கு ஓடினார்கள். 1932இல் காலனியையே கலைத்து ஐவரி கோஸ்ட், பிரெஞ்சு சூடான், நைஜர் மூன்றுக்கும் பங்குபோட்டார்கள். மோஸி மக்கள் நெருக்கமாக வாழ்ந்த பெரும்பகுதி ஐவரி கோஸ்டுக்குப் போனது. காரணம் எளிது. அங்கே காப்பி, கோக்கோ தோட்டங்களுக்குக் கூலியாள் வேணும். கட்டாய உழைப்பு 1946இல் சட்டப்படி ஒழிந்தது. மறுவருஷமே மேல் வோல்டா திரும்பவும் தனிக் காலனி! அபிஜானிலிருந்து கிளம்பிய ரயில்பாதை 1954இல்தான் வாகடூகுவைத் தொட்டது. அது துறைமுகத்துக்கு வழி மட்டுமல்ல, தோட்டங்களுக்கு ஆள் இறக்கிய வழியும்கூட.

அப்படிப் போனவர்களின் பிள்ளைகளைத்தான் 1990களில் ஐவரி கோஸ்டின் 'ஐவரித்தன்மை' அரசியல் அந்நியர் என்றது. 2002இல் அங்கே உள்நாட்டுப் போர் வெடித்ததும் எல்லை மூடப்பட்டது, ரயில் நின்றது.

தாமஸ் சங்காரா 1984இல் நாட்டின் பெயரை மாற்றினார். 1985இல் ஜனங்களே வடக்கு நோக்கித் தண்டவாளம் போட்டார்கள். தம்பாவோ மாங்கனீஸ்தான் இலக்கு. பாதை காயாவோடு நின்றுபோனது. 1987 ஜூலையில் அடிஸ் அபாபாவில், கடனைக் கட்ட மாட்டோம் என்று ஆப்பிரிக்கா ஒன்றாகச் சொல்ல வேண்டும் என்றார். அக்டோபர் 15இல் கொல்லப்பட்டார். நமது தோழர்கள் அவரைப் படமாக மாட்டிக்கொள்வதில் எனக்கு உடன்பாடில்லை. 1984இல் வேலைநிறுத்தம் செய்த ஆசிரியர்களை ஆயிரத்துக்கும் மேல் வேலையைவிட்டுத் தூக்கியதும் அதே அரசுதான். ஆனாலும், வறுமை பூகோளம் விதித்த விதியல்ல என்று அரசியல் செயலாக வைத்தவர் அவர்.

2009இல் பருத்தியை முந்தித் தங்கம் முதல் ஏற்றுமதியானது. தங்கம் விமானத்தில் போகிறது. அதற்குத் துறைமுகம் வேண்டாம், கப்பல் வேண்டாம். கடல் இல்லாததுதான் குறை என்றால், தங்கம் வந்தபிறகாவது வறுமை தீர்ந்திருக்க வேண்டுமே? ஆகவே, கடல் எவ்வளவு தூரம் என்பதை விட்டுவிட்டு, சுரங்கம் யாருடையது, லாபம் எங்கே போகிறது என்று கேட்கத் தொடங்குவோம்.