விடுபட்ட எண்



தீபாவளிக்கு ஆடு வெட்டிக் கூறு போடுவது நம் லயங்களில் வழக்கம். அறுபது கூறு விழுந்தால் தொல்லை இல்லை. இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து, ஆறு, பத்து, பன்னிரண்டு, பதினைந்து வீடுகளுக்கும் மிச்சமின்றிப் பிரித்துவிடலாம். அறுபத்தொன்று விழுந்தாலோ வம்புதான். அது பகா எண்.

60-க்குக் காரணிகள் 12. அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை காரணிகள் கிடையா. இப்படித் தனக்குக் கீழுள்ள எண்களையெல்லாம் காரணித் தொகையில் வெல்லும் எண்களைப் பற்றி, சீனிவாச இராமானுஜன் 1915-இல் நீண்ட கட்டுரை ஒன்று வெளியிட்டார்.

இராமானுஜன் 1887-இல் ஈரோட்டில் பிறந்து, கும்பகோணத்தில் வளர்ந்தவர். தந்தை துணிக்கடைக் கணக்கர். தாளுக்குப் பணமில்லாமல் பலகையில் கணக்குப் போட்டு, முழங்கையால் அழித்து, மறுபடியும் போட்டவர். கணக்கில் மட்டுமே மனம் வைத்துக் கல்லூரித் தேர்வில் தோற்றார். 1912-இல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் 30 ரூபாய்க்கு எழுத்தராகச் சேர்ந்தார். 1914-இல் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்தார். மேற்சொன்ன கட்டுரைக்காகவே 1916-இல் அங்கே பட்டம் கிடைத்தது. கட்டுரையை அச்சிட்ட இலண்டன் கணிதச் சங்கத்துக்கு அப்போது பணமுடை. ஒரு பகுதி அச்சேறாமலே நின்று, 1997-இல்தான் வெளிவந்தது. காசில்லாமல் நின்றுபோவது நம் பிள்ளைகளின் படிப்பு மட்டுமன்று போலும்!

அந்த எண்களுக்கு ஓர் ஒழுங்கு உண்டு என்று அவர் நிறுவினார். அவற்றைப் பகா எண்களாகப் பிரித்தால், 2, 3, 5, 7 என்று ஒன்றும் விடுபடாமல் வரிசையாக வரும். 2 வரும் தடவைக்கு மேல் 3 வராது. 3 வரும் தடவைக்கு மேல் 5 வராது. கடைசிப் பகா எண் ஒரே தடவைதான் வரும். 4, 36 என்ற இரண்டு மட்டும் விலக்கு. 60-ஐப் பாருங்கள்: 2 இரு தடவை, 3 ஒரு தடவை, 5 ஒரு தடவை.

கணிப்பொறி இல்லாத அக்காலத்தில் இவ்வகை எண்கள் 102-ஐ அவர் பட்டியலிட்டார். கடைசி எண் 6,74,632 கோடியே 83 இலட்சத்து 88 ஆயிரத்து 800. அதன் காரணிகள் 10,080!

ஆனால் நடுவில் ஒன்று விடுபட்டுவிட்டது. 29,331 கோடியே 86 இலட்சத்து 25 ஆயிரத்து 600 என்ற எண் அது. அதற்குக் காரணிகள் 5,040. அவ்வளவு பெரிய மேதையின் பட்டியலிலா என்று எனக்கும் முதலில் நம்பிக்கை வரவில்லை. காரணிகளை நானே இரண்டு தடவை எண்ணிப் பார்த்தேன்.

ஆறாம் ஆண்டு வகுப்பில் இதைச் சொன்னேன். ஏழாம் வாய்ப்பாட்டில் அடிக்கடி தடுமாறி, கேட்டால் தலைகுனிந்து நிற்கும் பையன் ஒருவன், "அவரும் விட்டுட்டாரா, ஐயா?" என்று எழுந்தே விட்டான். ஆமாம் என்றேன். விடுபட்ட எண்ணைக் கரும்பலகையில் எழுதி, 23-ஆல் பெருக்கச் சொன்னேன். பாதி வகுப்பு உதவிக்கு வந்தது. மணியடித்தும் யாரும் நகரவில்லை. மூன்றாவது முயற்சியில் விடை சரியாக வந்தது: இராமானுஜன் பட்டியலின் அதே கடைசி எண். 23 என்ற ஒரு பகா எண் கூடியதால் காரணிகள் 5,040-லிருந்து இரட்டித்து 10,080 ஆகின்றன. அந்த விடையை அழிக்க வேண்டாம் என்று பையன் கேட்டுக்கொண்டான். மறுநாள் காலைவரை அது பலகையில் இருந்தது.