மாதவையாவின் மகன்

1925 அக்டோபரில் சென்னைப் பல்கலைக்கழகச் செனட் சபையில், பட்டப் படிப்பில் தமிழைக் கட்டாய பாடமாக்க வேண்டுமென்று பேசி முடித்த சிறிது நேரத்தில் 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையா உயிர் நீத்தார். தமிழ் நாவல் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நின்றுவிடுகின்றனர். அன்று 13 வயதுச் சிறுவனாக இருந்த அவருடைய கடைசி மகன் கிருஷ்ணனைத் தமிழுலகம் பிந்தியே அறிந்தது. முழுமையாக இன்னும் அறியவில்லை என்றும் கூறலாம்.

1912இல் திருநெல்வேலியில் பிறந்த மா. கிருஷ்ணன், சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்றபோது தாவரவியல் பேராசிரியர் ஃபைசனுடன் நீலகிரி, கொடைக்கானல் மலைகளில் அலைந்தார். பேராசிரியரின் துணைவியாரிடம் நீர்வண்ண ஓவியம் கற்றார். பின்னர்ச் சட்டமும் படித்தார். அது அவர் வாழ்வுக்குப் பெரிதும் பயன்படவில்லை. 1942 முதல் சண்டூர் சமஸ்தானத்தில் ஆசிரியர், நீதிபதி, விளம்பர அதிகாரி எனப் பல பணிகள் பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவுடன் இணைந்தபின் சென்னைக்குத் திரும்பியவர், பிறர்கீழ் ஊழியம் செய்யாது எழுத்தையும் நிழற்படத்தையுமே நம்பி வாழ்ந்தார். எளிதில் துணியக்கூடிய வாழ்க்கையன்று அது.

வண்ணப்படம் பெருகிய காலத்திலும் அவர் கருப்பு வெள்ளையிலேயே ஊன்றி நின்றார். கருவியின் உடல் ஒன்றும் லென்ஸ் வேறொன்றுமாகப் பல இடத்து உறுப்புகளைப் பொருத்தித் தாமே அமைத்துக்கொண்ட பளுவான கருவிக்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயரும் சூட்டினார். முதுமலைக் காட்டில் பழக்கிய யானையின் முதுகில் அமர்ந்து, காட்டு யானைக் கூட்டங்களைப் படம் பிடித்தார். அசையும் முதுகில் அத்தகைய கருவியைத் தாங்குவது என்ன பாடென்பதைப் படத்தைப் பார்த்து ஒருவரும் உணர முடியாது. விலங்கு அதன் சூழலில், அதற்குரிய புல்லோடும் நிழலோடும் இருப்பதே அவர் வேண்டிய காட்சி. அழகு அவருக்கு இரண்டாவது, உண்மை முதலாவது. ஓவியம் பயின்ற கை அவருடையது என்பதை நினைத்தால் இந்த அடக்கத்தின் அருமை விளங்கும்.

வகுப்பறையை விட்டபின்பும் அவர் ஆசிரியராகவே இருந்தார். கல்கத்தா 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950இல் தொடங்கிய பத்தியில், காட்டு யானையை எழுதிய அதே அக்கறையோடு வீட்டுக் கூரைப் பல்லியையும் தெருக் காக்கையையும் எழுதினார். ஒரு நாட்டின் அடையாளம் அதன் செடிகொடிகளிலும் உயிரினங்களிலும் உள்ளது என்பது அவர் கோட்பாடு. ஆகவே அயல்நாட்டு அலங்கார மரங்களைச் சாலையோரம் நடுவதைக் கடிந்தார். 1970இல் பத்மஸ்ரீ விருது பெற்றார்.

தமிழிலும் அவர் எழுதினார். 'மழைக்காலமும் குயிலோசையும்' என்னும் தொகுப்பை சு. தியடோர் பாஸ்கரன் பதிப்பித்துத் தந்தமையால் அவ்வெழுத்துகள் இன்று கைக்குக் கிட்டுகின்றன. கவிஞர்கள் அதனைப் படிக்க வேண்டும். குறிஞ்சிப்பாட்டில் 99 மலர்களைப் பெயர் சொல்லி அடுக்கிய கபிலரின் மரபில் வந்தவர்கள், இன்று 'பறவை' என்று பொதுப்பெயர் எழுதி, வானில் பறக்கவிட்டு, அமைதியடைந்து விடுகின்றனர். எந்தப் பறவை என்று கேட்டால் விடையில்லை.

தா.பழூரார்க்குத் தொலைவில் இல்லாத கரைவெட்டி ஏரி, புள்ளம்பாடி வாய்க்கால் நீரால் நிறையும். குளிர்காலத்தில் இமயத்தைக் கடந்து வரித்தலை வாத்துகள் அங்கு வந்திறங்கும். 2024இல் அந்த ஏரி ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. பாசனத்துக்காக நீர் தேக்கிய ஏரி ஒன்று உலகக் கணக்கில் ஏறியதைக் கிருஷ்ணன் இருந்திருந்தால் எவ்வாறு எழுதியிருப்பார் என்று எண்ணத் தோன்றுகிறது.

அவர் 1996 பிப்ரவரி 18 அன்று மறைந்தார். நாற்பத்தாறு ஆண்டுகள் தொடர்ந்த அந்தப் பத்தியின் கடைசிக் கட்டுரை அன்றைய இதழில் வெளியாகியிருந்தது.