வெள்ளாற்றங்கரையின் முதற்குடி: வம்சாவளித் தேடலும் சான்றுகளும்

நஸபு எனப்படும் வம்சாவளியறிவு முஸ்லிம்களிடையே தொன்மையான கலையாகும். ஹிஜ்ரி 204இல் மறைந்த ஹிஷாம் இப்னுல் கல்பீ அறபுக் குலங்களின் கிளைகளைத் தொகுத்தார். அதே நூற்றாண்டில் பலாதுரீ ‘அன்ஸாபுல் அஷ்ராஃப்’ எழுதினார். ஸ்பெயினில் இப்னு ஹஸ்மும் இத்துறையில் பெருநூல் ஒன்றைச் செய்தார். இவர்களுள் இப்னுல் கல்பீயை ஹதீஸ் கலையினர் நம்பத் தகுந்தவராக ஏற்கவில்லை என்பதையும் நாம் மறத்தலாகாது. பெயர்களை அடுக்குவது வேறு, அவற்றை நிறுவுவது வேறு என்னும் எச்சரிக்கை இக்கலையோடு உடன்பிறந்தது.

இக்கலையை அரச குலங்களை விட்டுவிட்டு நம் சிற்றூர் ஒன்றின் முதற்குடிக்குப் பொருத்திப் பார்ப்போம். பெரம்பலூர் மாவட்டத்தில் வெள்ளாற்றங்கரையில் அமைந்துள்ளது லெப்பைக்குடிக்காடு. இவ்வூரைப் பற்றிய முதல் ஆவணம் இதன் பெயரே. பெரம்பலூர், அரியலூர், தஞ்சைப் பகுதிகளில் ‘குடிக்காடு’ என முடியும் ஊர்ப்பெயர்கள் பல உண்டு. காட்டைத் திருத்திக் குடியேறிய இடம் என்பதே அதன் பொருள் எனக் கொள்ளலாம். 18ஆம் நூற்றாண்டிலும் அரியலூர் மழவராயரும் உடையார்பாளையம் காலாட்கள் தோழ உடையாரும் அடர்ந்த காடுகளையே அரணாகக் கொண்டிருந்தனர். 1765இல் நவாப் முகம்மது அலியின் படை இவ்விரு பாளையங்களையும் கைப்பற்றியது. எனவே இவ்வட்டாரத்தில் ஒருவர் முதற்குடியேறியாவதற்குக் கப்பலும் குதிரையும் தேவைப்படவில்லை. கோடரியும் மண்வெட்டியும் போதும்.

ஆயினும் ‘உங்கள் முன்னோர் யார்?’ என வினவினால் நம் குடும்பங்கள் பலவற்றில் கிடைக்கும் விடை இராக்கிலிருந்து தொடங்குகிறது. ஆளுநர் ஹஜ்ஜாஜ் பின் யூசுபின் கொடுமைக்கு அஞ்சி வெளியேறிய ஹாஷிம் குலத்தாருள் ஒரு சாரார் கொங்கணத்தில் இறங்கி நவாயத்துகள் ஆயினர் என்றும், மற்றொரு சாரார் குமரிமுனைக்குக் கிழக்கே இறங்கி லெப்பைகள் ஆயினர் என்றும் கூறுவர். இக்கதையைக் கர்னல் வில்க்ஸ் 1810இல் வெளிவந்த தம் வரலாற்று நூலில் பதிந்தார். 1909இல் தர்ஸ்டன் அதனை எடுத்தாண்டார். அச்சேறிய பின்னர் அது குடும்ப நினைவாகவே திரும்பி வந்தது எனலாம்.

இதனைச் சோதிக்க எளிய அளவுகோல் ஒன்று உண்டு. இப்னு கல்தூன் 1377இல் எழுதிய ‘முகத்திமா’வில், ஒரு பெயர்த்தொடரின் நீளம் சரிதானா என அறிய நூறாண்டுக்கு மூவர் எனக் கணக்கிடுமாறு கூறுகிறார். ஹஜ்ஜாஜ் மறைந்தது 714இல். அன்றிலிருந்து இன்றுவரை ஏறத்தாழ 1300 ஆண்டுகள். எனவே தொடரில் 39 பெயர்களேனும் வேண்டும். ஒன்பது பெயர் கொண்ட தொடர் 300 ஆண்டுகளையே எட்டும். அதாவது ஆர்க்காட்டில் சஆதத்துல்லாகான் ஆண்ட காலம் வரையில். ஒன்பதாம் பெயருக்கும் ஹஜ்ஜாஜின் காலத்திற்கும் இடையிலுள்ள ஆயிரம் ஆண்டுகளை ‘அறபு நாட்டிலிருந்து வந்தவர்’ என்னும் ஒரே தொடரால் நிரப்புவது வரலாறாகாது.

இக்கணக்கிலும் நம் நாட்டு வழக்கம் ஒன்று இடறும். பாட்டனார் பெயரைப் பேரனுக்கு இடுதல் தமிழ் மரபு. ‘பெயரன்’ என்பதே ‘பேரன்’ ஆயிற்று. ஒரே பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பத் திரும்ப வரும்போது, எழுதுவோர் இருவரை ஒருவராக்கி அறுபது ஆண்டுகளை விழுங்கிவிடுகின்றனர். இன்னொரு மயக்கமும் உண்டு. வீட்டுப் பெட்டியில் கிடைக்கும் பழைய ஷஜராவைக் குருதித் தொடர் என்று கருதிவிடுகிறோம். அவற்றுட் பல காதிரிய்யா முதலான தரீக்காக்களின் குரு-சீடர் சில்சிலாக்களே. அங்கே ஒரு பெயருக்கு அடுத்து வருபவர் தந்தையல்லர், ஷைகு.

‘லெப்பை’ என்னும் சொல்லையும் குலப்பெயராக மட்டும் கொள்ளுதல் கூடாது. பல ஊர்களில் பள்ளிவாசலில் பணிபுரிந்து ஓதிக்கொடுப்பவரை லெப்பை என்றே அழைத்தனர். லெப்பைக்குடிக்காடு என்பது அத்தகைய ஓர் ஆசானின் பணியால் வந்த பெயராகவும் இருக்கலாம் என்பது நம் கருத்து. மத்ஹபும் வீட்டு மொழியும் இங்கே துணைச்சான்றுகள். ஷாஃபிஈ மரபு பெரும்பாலும் கடற்கரையையும், ஹனஃபி மரபு தரைவழித் தொடர்பையும் சுட்டும். வீட்டில் தக்கணி உருதுவன்றித் தமிழே பேசும் குடும்பத்தை, 1751இல் வாலிகண்டபுரத்தருகே நடந்த போருக்கு வந்த படைகளோடு இணைத்துக் கதை சொல்வது பொருந்தாது.

எழுத்துச் சான்றுகளுள் முதன்மையானது 1858இல் அமைந்த இனாம் ஆணையத்தின் பதிவேடு. பள்ளிவாசல் மானியம் எதுவாயினும் முதலில் பெற்றவர் யார், வழங்கியவர் யார், அப்போது அனுபவித்தவர் யார், அவர் வயதென்ன என்றெல்லாம் அது கேட்டு எழுதியது. சென்னை எழும்பூரிலுள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் அதனைக் காணலாம். ஆனால் பெரம்பலூர் என்று தேடினால் கிடைக்காது. இம்மாவட்டம் 1995இல் தோன்றியது. அரியலூர் 2001இல் பிரிந்து, 2002இல் மீண்டும் இணைந்து, 2007இல் மறுபடி தனி மாவட்டமாயிற்று. பழைய ஆவணங்கள் யாவும் திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் கீழ் உள்ளன. ஆண்டுகள் பசலியில் இருக்கும். 590ஐக் கூட்டிக் கொள்க. பசலி 1270 என்றால் 1860-61. ஜமீன் ஊர்களின் நிலை வேறு. அரியலூர், உடையார்பாளையம் ஜமீன்களின் கணக்குகள் ஜமீன் அலுவலகங்களில் இருந்தன. 1948ஆம் ஆண்டின் ஒழிப்புச் சட்டத்திற்குப் பின்னரே அங்கு அரசின் நிலவரித்திட்டக் கணக்கு தொடங்கிற்று.

இவற்றிலெல்லாம் ஆண்களே இடம்பெறுகின்றனர். தனியே வந்து காடு திருத்திய ஒருவர் இவ்வூர்ப்புறத்திலேயே பெண் கொண்டிருப்பார்; அவருடைய மக்களுக்குத் தமிழைத் தந்தவர் அந்தத் தாய்தான். அவருடைய பெயர் எந்த ஷஜராவிலும் இல்லை. பிற்காலத் தலைமுறைகளின் தாய்வழியை அறிய ஜமாஅத்தின் நிக்காஹ் தஃப்தர் ஒன்றே பெரிதும் உதவும். மணமகளின் பெயர், அவருடைய தந்தை, ஊர், மஹர், சாட்சிகள் ஆகியவை அதில் ஒருங்கே கிடைக்கின்றன. பத்திரப் பதிவு அலுவலகத்தில் பெண்கள் தம் பங்கை விற்ற, விட்டுக்கொடுத்த பத்திரங்களும் அத்தகையனவே. ஷரீஅத் பெண்ணுக்குச் சொத்தில் பங்கு தந்தமையால் வரலாற்றாசிரியருக்கும் ஒரு சான்று மிஞ்சியது!

இத்தஃப்தர்கள் சில ஊர்களில் முத்தவல்லியின் இல்லத்துப் பெட்டியில் உள்ளன. சில ஊர்களில் கறையான் அரித்துப் பாதியாகிவிட்டன. மையவாடியிலுள்ள மீஸான் கற்களில் எழுத்துள்ளவை சிலவே. அவையும் பள்ளிவாசல் விரிவாக்கத்தின்போது பெயர்க்கப்படுகின்றன. வம்சாவளி எழுத முனையும் இளைஞர்கள் முதலில் தஃப்தரின் ஒவ்வோர் ஏட்டையும் ஒளிப்படம் எடுத்துக்கொள்ளட்டும். பின்னர் ஊரில் வயது முதிர்ந்த பெண்மணியரிடம் சென்று, அவர்களுடைய தாயின் தாய் எந்த வீட்டிலிருந்து வந்தார் எனக் கேட்டு எழுதட்டும். இராக்கைப் பற்றி அதன் பிறகு பேசலாம்.